முகத்துக்கு எத்தனை ஜூல்?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்பது நம் ஊர்த் தாய்மார்களுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டி, உடுப்பைக் கழற்றி, நீல விளக்கின் கீழே படுக்க வைத்துவிடுவார்கள். "லைட்ல வச்சிருக்காங்க" என்று வீட்டுக்குத் தகவல் போகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வேறு மருந்தே தேவைப்படாது. ஓரிரு நாளில் மஞ்சள் இறங்கிவிடும். சூட்சுமம் விளக்கின் நிறத்தில் இருக்கிறது. 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட நீல ஒளியை, மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் மூலக்கூறு விழுங்குகிறது. விழுங்கியதும் அதன் உருவம் திருகிக்கொள்கிறது. திருகிய உருவம் பித்தத்திலும் சிறுநீரிலும் சுலபமாக வெளியேறிவிடும். அதே குழந்தையைச் சிவப்பு விளக்கின் கீழே நாள் கணக்கில் கிடத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் பிலிருபின் சிவப்பைச் சீண்டுவதில்லை.

ஒளி மருந்தாக வேண்டுமென்றால் உடம்பில் ஏதாவது ஒரு மூலக்கூறு அந்த நிறத்தை உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சப்படாத ஒளி எவ்வளவு பளீரென்று இருந்தாலும் தோலில் பட்டுச் சிதறிப் போகும், அவ்வளவுதான். குரோட்டஸ், டிரேப்பர் என்ற இருவர் பெயரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைக்கப்பட்ட விதி இது. இன்றைக்கு ஆன்லைன் கடைகளில் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும் எல்இடி மாஸ்க்குகள் பருவைப் போக்கும், சுருக்கத்தை நீக்கும், முகத்துக்குப் பொலிவு தரும் என்று விற்கப்படுகின்றன. காசைக் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்க் வீசும் நிறத்தை என் முகத்தில் யார் உறிஞ்சப் போகிறார்கள்? எவ்வளவு உறிஞ்சப் போகிறார்கள்?

நீல நிறத்துக்கு இந்தக் கேள்வியின் பதில் ஓரளவு தெளிவு. நம் எல்லோருடைய மயிர்க்கால்களிலும் குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பருவில் பங்கு உண்டு. அது போர்ஃபிரின் என்ற நிறமிகளைத் தானே தயாரித்துத் தன்னுள் வைத்திருக்கிறது. 405 முதல் 420 நானோமீட்டர் வரையிலான ஊதா கலந்த நீலத்தைப் போர்ஃபிரின் வெகு ஆவலாக உறிஞ்சும். உறிஞ்சிய ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். கிளர்ந்தெழுந்த அந்த ஆக்சிஜன் பாக்டீரியாவின் சுவரைத் தாக்கும். பாக்டீரியா தான் சேர்த்து வைத்த நிறமியாலேயே சாகிறது.

இந்த வேதியியல் எல்இடி காலத்துக்கு முன்பே ஒரு நோபல் பரிசு வாங்கியிருக்கிறது. ஃபாரோ தீவுகளில் பிறந்து கோபன்ஹேகனில் மருத்துவரான நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் அந்தப் பரிசு கிடைத்தது. அப்போது ஐரோப்பாவில் லூபஸ் வல்காரிஸ் எனப்படும் தோல் காசநோய் மூக்கையும் கன்னத்தையும் அரித்து மனிதர்களை வெளியே தலைகாட்ட முடியாதபடி ஆக்கிக்கொண்டிருந்தது. ஃபின்சன் கார்பன் வில்விளக்கு ஒன்றை உயரத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து நாலாபுறமும் தொலைநோக்கி மாதிரிக் குழாய்களை இறக்கினார். ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு நோயாளி படுத்திருப்பார். பக்கத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்திருப்பார். செவிலியரின் வேலை, உள்ளே தண்ணீர் ஓடும் ஒரு வில்லையை நோயாளியின் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது. ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், மாதக்கணக்கில் நாள்தோறும். தண்ணீர் சூட்டைத் தணித்தது. அழுத்தம் அந்த இடத்து ரத்தத்தை விலக்கியது. ரத்தம் நீல ஒளியைக் குடித்துவிடும், அது இருக்கும்வரை ஒளி உள்ளே போகாது என்று ஃபின்சன் புரிந்துவைத்திருந்தார். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போன அலெக்சாண்டிரா, 1900-இல் இப்படி ஒரு விளக்கை லண்டன் மருத்துவமனைக்கு வாங்கிக் கொடுத்தார்.

கிருமியைக் கொன்றது புற ஊதாக் கதிர்தான் என்று நூறு வருஷம் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. 2005-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தப் பழைய விளக்குகளையே எடுத்து அளந்து பார்த்தார்கள். அவற்றின் வில்லைகள் 340 நானோமீட்டருக்குக் குறைவான கதிர்களைக் கடக்கவே விடவில்லை. கிருமிகொல்லும் புற ஊதாக் கதிர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே அது நோயாளியின் முகத்தை எட்டியிருக்கவே முடியாது. காசநோய்க் கிருமிக்குள்ளும் போர்ஃபிரின் உண்டு. 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளி அதைத் தூண்டியிருக்க வேண்டும் என்பதே பொருந்தி வரும் விளக்கம் என்று எழுதினார்கள். தான் எப்படி ஜெயித்தோம் என்று ஃபின்சனுக்கே தெரிந்திருக்கவில்லை.

ஃபின்சன் விளக்கின் கொள்ளுப்பேரன் இன்றைய நீல மாஸ்க். 2000-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பரு உள்ள 107 பேர் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு 415 நானோமீட்டர் நீலமும் 660 நானோமீட்டர் சிவப்பும் சேர்ந்த ஒளி, நாளுக்கு 15 நிமிடம். இன்னொரு குழுவுக்கு நீலம் மட்டும். வேறொரு குழுவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. 12 வாரம் கழித்து எண்ணியபோது, நீலமும் சிவப்பும் சேர்ந்த குழுவில் சிவந்து வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்திருந்தன. களிம்பைவிட அது மேல். ஆர்வம் தரும் முடிவுதான். ஆனால் 2016-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பருவுக்கான ஒளிச்சிகிச்சை ஆய்வுகள் 71-ஐ, மொத்தம் 4,211 பேரை உள்ளடக்கியவற்றை, ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் படித்தபோது உற்சாகம் வடிந்துவிட்டது. பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விளக்கு, ஒவ்வொரு அளவு. உறுதியாக எதையும் சொல்லத் தரமான சான்று போதவில்லை என்று முடித்தார்கள்.

கரும்புள்ளி, வெண்புள்ளி என்று அடைத்துக்கொண்ட துளைகளில் நீல ஒளிக்குப் பெரிதாக வேலை இல்லை. தாடையோரம் மாதாமாதம் கிளம்பும் ஹார்மோன் பருவுக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. மாஸ்க்கை நிறுத்தினால் பாக்டீரியா திரும்ப வளர்ந்துவிடும். பெட்டிமேல் இதையெல்லாம் அச்சடிக்க மாட்டார்கள்.

சிவப்பின் கதை வேறு. அது தற்செயலில் தொடங்கியது. 1960-இல் ரூபி லேசர் வந்ததும் அமெரிக்காவில் அதைக் கொண்டு விலங்குகளின் புற்றுக்கட்டிகளைச் சுடும் முயற்சி நடந்தது. புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் அதையே செய்து பார்க்க விரும்பி, எலிகளின் முதுகை மழித்து லேசர் காட்டினார். அவரிடம் இருந்த லேசருக்கு அவ்வளவு சக்தி கிடையாது. கட்டி அசையவில்லை. ஆனால் ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த இடத்தில் மயிர் சீக்கிரம் முளைத்தது. 1967-இல் வந்த இந்தக் கவனிப்பின் பேரில்தான் இன்று வழுக்கைக்கு விற்கும் சிவப்பு ஒளித் தொப்பிகளும் நிற்கின்றன. மெஸ்டர் அதோடு விடாமல், ஆறாத புண்களுக்கு அதே வலுக்குறைந்த ஒளியைக் காட்டத் தொடங்கினார்.

லேசர்தான் வேண்டும் என்பதில்லை, சரியான நிறம் இருந்தால் எல்இடியும் போதும் என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் 1962-லேயே சிவப்பு எல்இடியைச் செய்துவிட்டார். பிரகாசமான நீலம் வர 1990-கள் ஆயின; அதைச் செய்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல்.

விற்பனையாளர்கள் மறக்காமல் போடும் வரி ஒன்று உண்டு: "நாசா தொழில்நுட்பம்". அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. விண்கலத்தில் செடி வளர்க்க விஸ்கான்சினில் ஒரு நிறுவனம் சிவப்பு எல்இடி பலகைகளைச் செய்தது. அதே பலகைகளைக் காயம் ஆற்றுவதற்குப் பயன்படுத்தலாமா என்று ஹாரி வீலன் என்ற மருத்துவர் நாசா உதவியோடு சோதித்து 2001-இல் எழுதினார். முகச்சுருக்கம் அந்த ஆய்வின் நோக்கமே அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின்போது வாய் முழுக்கப் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளிகளுக்கு அந்த விளக்கு உதவுமா என்பது அவர் பார்த்தவற்றில் ஒன்று. சிவப்பு ஒளிச் சிகிச்சைக்கு இன்று உள்ள ஆகச் சிறந்த சான்றும் அந்த வாய்ப்புண் விஷயத்தில்தான். அந்த வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைக் காட்டும்படி புற்றுநோய் ஆதரவு சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. அழகு சாதனக் கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் இந்தத் தகவல், அவர்கள் சொல்லும் எல்லாவற்றையும்விட இந்தச் சிகிச்சைக்கு மரியாதை சேர்ப்பது.

சரி, சிவப்பை உறிஞ்சுவது யார்? பல காலமாகச் சொல்லப்படும் பெயர் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், மூச்சில் வந்த ஆக்சிஜனைக் கடைசியாகக் கையாளும் நொதி அது. தாமிரமும் இரும்பும் கொண்டது. சிவப்பையும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையும் உறிஞ்சக்கூடியது. ரஷ்ய ஆய்வாளர் டீனா காரு இதை முன்வைத்தார். நைட்ரிக் ஆக்சைடு வந்து அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது, ஒளி பட்டதும் அது கழன்றுகொள்கிறது, நொதி மறுபடி முழு வேகத்தில் ஓடுகிறது, அதன் விளைவாகத் தோலின் நார்ச்செல்கள் தோலுக்கு இறுக்கம் தரும் கொலாஜன் புரதத்தைக் கூடுதலாக நெய்கின்றன என்பது கதையின் சாரம். அழகான கதை. ஆனால் அந்த நொதியே இல்லாத செல்களும் 660 நானோமீட்டர் ஒளியில் வேகமாகப் பெருகின என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்து குட்டையைக் குழப்பியது. பிலிருபினைப் போல, போர்ஃபிரினைப் போல, இங்கே குற்றவாளி கையும் களவுமாக இன்னும் பிடிபடவில்லை.

சிவப்பு ஒளி உள்ளே போகிறது என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். இதை இன்றிரவே வீட்டில் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுச் செல்போன் டார்ச்சின் மேல் விரல் நுனியை அழுத்தி வையுங்கள். டார்ச் வெள்ளை, விரல் வழியாக வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தமும் தோல் நிறமியான மெலனினும் நடுவழியில் தின்றுவிட்டன. முகத்திலும் இதே கதிதான். நீலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது. சிவப்பு கொலாஜன் இருக்கும் அடித்தோல்வரை தாராளமாகப் போகும். 830 நானோமீட்டர் அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும்.

எவ்வளவு என்ற இரண்டாம் கேள்வியில்தான் வீட்டு மாஸ்க் பலவும் தடுக்கி விழுகின்றன. ஒளி மருந்தின் அளவு ஜூல். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை மில்லிவாட் விழுகிறது என்பதை நொடிகளால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஜூல் கிடைத்துவிடும். 30 மில்லிவாட் தரும் நல்ல மாஸ்க்கை 10 நிமிடம் போட்டால் 18 ஜூல். 2007-இல் கொரியாவில் முகச்சுருக்கம் உள்ள 76 பேரிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளி, மறு பாதி ஒப்பீட்டுக்கு; ஒரு குழுவினருக்கு ஒளி தருவது போலப் பாவனை மட்டும். சுருக்கம் அதிகபட்சம் 36 சதவீதம் குறைந்தது, தோலின் நெகிழ்ச்சி அதிகபட்சம் 19 சதவீதம் கூடியது என்று அறிவித்தார்கள். மாஸ்க் விளம்பரங்கள் இந்த மாதிரி எண்களைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொள்ளாதது அளவை. அங்கே சிவப்பு ஒளி ஒரு தடவைக்கு 126 ஜூல். சதுர சென்டிமீட்டருக்கு 105 மில்லிவாட் தரும் கிளினிக் கருவியில் 20 நிமிடம். நம் மாஸ்க்கில் அதே ஜூலைச் சேர்க்க ஏழு நாள் ஆகும். மில்லிவாட் என்ன என்று பெட்டியில் போடாத மலிவு மாஸ்க்கில் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடவே வழியில்லை.

அதற்காக ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. இந்த ஒளியின் பலன் ஓர் அளவுவரை ஏறி, பிறகு இறங்கும். மிகையானால் செல்லின் வேலையை அது மட்டுப்படுத்துவதும் உண்டு. ஆய்வகத் தட்டுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. சின்ன அளவு, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள், மூன்று மாதம் என்று பல நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொலாஜன் வாரக்கணக்கில் நெய்யப்படுவது. பத்து நாளில் பொலிவு என்றால் அது மாஸ்க்கின் சூட்டில் சிவந்த கன்னம்.

இந்த ஜூல் கணக்கை வைத்து இன்னொன்றும் பார்க்கலாம். தெளிந்த வானத்து உச்சி வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மொத்தச் சக்தி சுமார் 100 மில்லிவாட். அதில் 620 முதல் 670 நானோமீட்டர் வரையிலான சிவப்பு மட்டும் சுமார் 7 மில்லிவாட் தேறும். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றால் 18 ஜூல் சிவப்பு ஓசியில் கிடைத்துவிடும். கூடவே, கொலாஜனை வெட்டிப் போடும் புற ஊதாக் கதிரும் கிடைக்கும். சென்னைக் கோடையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். ஸ்கூட்டியில் கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போகிற பெண், வீட்டுக்கு வந்ததும் சிவப்பு மாஸ்க் மாட்டிக்கொள்வதில் முரண் எதுவும் இல்லை. வெயிலிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து வாங்குகிறார். ஆனால் துப்பட்டா இலவசம், அதன் பலன் மாஸ்க்கைவிடப் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லா நிறத்தவருக்கும் பொது. இனிச் சொல்வது நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும். மாஸ்க் விளம்பரங்களிலும், பெரும்பாலான ஆய்வுகளிலும் உள்ள முகங்கள் வெளுப்பானவை. நம் தோலில் ஒளியை உறிஞ்ச இன்னொருவர் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறார், மெலனின். 2014-இல் ஃபிரான்ஸில் ஒரு சோதனை நடந்தது. வெயில் பட்டால் கறுக்கும் தோல் உள்ளவர்களின் முதுகில் 415 நானோமீட்டர் நீல ஊதா ஒளியையும், 630 நானோமீட்டர் சிவப்பையும் தனித்தனியாகக் காட்டினார்கள். சிவப்பு பட்ட இடத்தில் நிறம் மாறவில்லை. நீல ஊதா பட்ட இடம் கறுத்தது. புற ஊதா பி கதிர் உண்டாக்கும் கறுப்பைவிட அது அடர்த்தியாகவும் நீடித்தும் இருந்தது. நிறமிச் செல்களிலேயே நீல ஒளியை உணரும் ஆப்சின்-3 என்ற புரதம் இருக்கிறது, கண்ணில் உள்ள ஒளி உணரிகளின் உறவு அது என்று 2018-இல் அதே திசையில் இன்னொரு ஆய்வு வந்தது.

பருவுக்கு எந்த நீலத்தைப் பரிந்துரைக்கிறார்களோ அதே 415 இது. நம்மில் பலருக்குப் பருவைவிட, பரு போன பின் மாதக்கணக்கில் நிற்கும் கறுத்த தழும்புதான் பெரிய துக்கம். கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்கு இன்னும் மோசம். பிரசவத்துக்குப் பின்னோ நாற்பதையொட்டியோ வரும் மங்குக்கு வெளிச்சமும் சூடும் எதிரிகள். வெறும் சன்ஸ்கிரீன் போதாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசான நிறமுள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலெல்லாம் அதைப் பூசி நீல ஒளியை மறித்துவிட்டு, ராத்திரியில் நீல மாஸ்க்கை முகத்தோடு ஒட்டி வைப்பதை என்னவென்று சொல்வது? மங்கு உள்ளவர்கள் நீல விளக்கின் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. பரு மட்டும் இருக்கிறது என்பவர்களும் மருந்துக் களிம்பில் தொடங்குவதே மேல். விலையும் குறைவு, சான்றும் கூடுதல்.

சிவப்பு இந்த விஷயத்தில் சாது. ஆனாலும் எல்லை உண்டு. அமெரிக்காவில் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட தோலில் சிவப்பு எல்இடியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய்ச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. வெள்ளையர்கள் 480 ஜூல்வரை தாங்கினார்கள். பல நிறத்தவரும் கலந்திருந்த குழுவில் 320 ஜூலோடு நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டு மாஸ்க்கின் 18 ஜூல் அதன் பக்கத்தில்கூட வராது. கிளினிக்கிலோ பார்லரிலோ பெரிய பலகைக்கு முன்னால் உட்கார வைத்தால் அந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

நம் வீட்டுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. மஞ்சள் பூசிய முகத்தில் நீல ஒளி வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் 420 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைப் பலமாக உறிஞ்சிச் செல்களைத் தாக்கும் ஆக்சிஜனை உண்டாக்கும். பல் மருத்துவ ஆய்வுகளில் குர்க்குமினையும் நீல விளக்கையும் சேர்த்தே வாய்க் கிருமிகளைக் கொல்கிறார்கள். இப்படி ஒரு தாவரத்தையும் ஒளியையும் கூட்டுச் சேர்ப்பது நம் மருத்துவத்துக்குப் புதிதில்லை. தோல் திட்டுத் திட்டாக வெளுக்கும் வெண்புள்ளி நோய்க்குக் கார்போக அரிசியை அரைத்துப் பூசி வெயில் காட்டும் பழைய முறையில் வேலை செய்வது அதிலுள்ள சோராலன். நவீன மருத்துவம் 1970-களில் அதே கூட்டைப் புற ஊதா ஏ விளக்கோடு சொரியாசிஸ் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது.

இனி கடைக்குப் போவோம். ஏழு நிற மாஸ்க் என்று ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பச்சை மன அமைதிக்கு, மஞ்சள் நிறம் கூட்ட, ஊதா நச்சு நீக்க என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஜாதகம் எழுதியிருப்பார்கள். மலிவான மாஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சில்லுகளும் ஒரே குமிழில் அடங்கிய எல்இடி. கல்யாண மண்டப அலங்கார விளக்கில் இருக்கும் அதே சரக்கு. அதன் மஞ்சள் உண்மையில் மஞ்சள் அலைநீளமே இல்லை. சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிவதை நம் கண் மஞ்சள் என்று எடுத்துக்கொள்கிறது. தோலிலுள்ள மூலக்கூறுகள் இந்தக் கண்கட்டுக்கு ஏமாறாது. அதன் நீலம் 465 நானோமீட்டரை ஒட்டியது; போர்ஃபிரின் காத்திருக்கும் 415 அங்கே கிடையாது. பாக்டீரியாவுக்கு அது கிட்டத்தட்ட வெறும் அலங்காரம்.

ஆகவே பெட்டியில் எத்தனை பல்பு என்ற எண்ணிக்கையை விட்டுத்தள்ளலாம். அலைநீளம் நானோமீட்டரில் எழுதியிருக்கிறதா? சிவப்பு 630 முதல் 660, அண்மை அகச்சிவப்பு 830-ஐ ஒட்டி என்றால் ஆய்வுகளில் உள்ள எண்களோடு ஒத்துப்போகிறது. சதுர சென்டிமீட்டருக்கு மில்லிவாட் எழுதியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நீங்கள் வாங்குவது முகத்தில் மாட்டும் சீரியல் செட். அகச்சிவப்பு உண்டு என்று சொல்லி விற்றால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து டிவி ரிமோட்டை அதன் முன் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளி பல போன்களில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும். அப்படித் தெரிகிற போனில் மாஸ்க்கைப் பாருங்கள்; இருட்டாக இருக்கும் எல்இடிகள் திரையில் மின்ன வேண்டும். "எஃப்டிஏ கிளியர்டு" என்ற அமெரிக்க அரசு முத்திரைக்கும் அதன் எடையை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது இணையானது, பெரிய ஆபத்தில்லை என்பதே அதன் பொருள். புது மருந்தைப் போல ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்து ஒப்புதல் பெற்றதாக அர்த்தம் இல்லை.

கண் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. நியூட்ரோஜீனா நிறுவனம் பருவுக்கான தன் நீல, சிவப்பு மாஸ்க்கை 2019 ஜூலையில் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ள சிலருக்கும், ஒளிக்கூச்சம் தரும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு, அது மிக அரிதானது என்றாலும் முன்னெச்சரிக்கையாகச் செய்கிறோம் என்றது. நீல ஒளி விழித்திரைக்கு ஆகாது. அகச்சிவப்பில் வேறு சிக்கல்: கண்ணுக்கே தெரியாது என்பதால் இமை தானாக மூடிக்கொள்ளாது. காமாலைக் குழந்தைக்குச் செவிலியர் கண்ணைக் கட்டாமல் விளக்கைப் போடுவதில்லை. வளர்ந்தவர்களுக்கும் அதே நியாயம்தான். பருவுக்கே தரப்படும் டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாத்திரைகள் ஒளிக்கூச்சம் தருபவை. லூபஸ் எனப்படும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதை மாட்டக் கூடாது. மின்னி மின்னி எரியும் வகை, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

இவ்வளவும் பார்த்த பிறகு சிவப்பு மாஸ்க் வேண்டுமா என்று கேட்டால், கையில் காசும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம், கெடுதல் செய்ய வாய்ப்புக் குறைவு என்பேன். பலன் சிறியது, மெதுவானது. சன்ஸ்கிரீனும், இரவில் ரெட்டினாய்டு களிம்பும் இல்லாமல் மாஸ்க்கை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மூன்றுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போட்டால் மாஸ்க்கைக் கடைசியில் எழுதுங்கள்.

வாங்கியாயிற்று என்றால் அது நம் முகத்தில் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, கொரியாவில் செய்ததையே வீட்டில் செய்யலாம். மாஸ்க்கின் உள்பக்கம் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் ஒட்டி மறைத்துவிடுங்கள். முகம் கழுவி, சன்ஸ்கிரீனும் பவுண்டேஷனும் மஞ்சளும் இல்லாத தோலில், வாரம் நான்கு நாள், பத்துப் பத்து நிமிடம். களிம்பு, சீரம் எல்லாம் இரண்டு கன்னத்துக்கும் ஒன்றுபோலப் பூசுங்கள். தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல் பக்கம் நின்று, ஒரே நேரத்து வெளிச்சத்தில், பியூட்டி ஃபில்டரை அணைத்துவிட்டு இரண்டு கன்னத்தையும் படமெடுத்து வையுங்கள். 12 வாரம் கழித்து அதே ஜன்னலில் மறுபடி எடுங்கள். படங்களை வீட்டில் ஒருவரிடம் காட்டி, எந்தப் பக்கத்தில் ஒளி பட்டது என்று சொல்லாமல், எது தேவலை என்று கேளுங்கள். அவர் தயங்கினால் மாஸ்க்கால் பலனில்லை; ஆனால் அதற்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும். அதனால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.